ரத்தம் கூடுதல், தெம்பு குறைவு: அப்பாவின் சோர்வைப் புரிந்துகொள்ள ஒரு முயற்சி

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 71. காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி, கண்மாய்க் கரையோரமாக நடந்து, டீக்கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் பேப்பரும் கையுமாகத் திரும்புவார். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நானும் கூட நடந்தேன். பாதி வழியில் ஒரு மதகு. அதன் கட்டைச்சுவரில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். "என்னப்பா?" என்றேன். "சும்மாதான், தண்ணி எவ்வளவு கெடக்குன்னு பாக்குறேன்" என்றார். கண்மாயில் தண்ணீர் கிடந்தது வாஸ்தவம்தான். ஆனால் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் உட்கார்ந்தார்.

அம்மாவிடம் இதற்கு விடை தயாராக இருந்தது: ரத்தம் கம்மி. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வந்து மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தார். பேரீச்சம்பழம், பீட்ரூட், முருங்கைக்கீரை என்று வரிசையாக வந்தன. மருந்துக் கடையில் கேட்டு ஒரு இரும்புச்சத்து டானிக்கும் வாங்கியாயிற்று. இரண்டு மாதம் கழித்து, போனால் போகிறது என்று ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஹீமோகுளோபின் 18.9 என்று வந்தது. மெஷின் கோளாறோ என்று லேபில் இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மறுபடியும் அதே எண்.

"கம்மின்னு பாத்தா ஜாஸ்தியா இருக்காம்" என்று அம்மா போனில் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்தம் நிறைய இருந்தால் தெம்பும் நிறைய இருக்க வேண்டாமா? அன்றைக்கு எனக்கு யாராவது நிதானமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரின் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நிறைய நேரம் உட்கார்ந்திருந்தவன், அவ்வளவுதான்.

நிற்காத மோட்டார்

நோயின் பெயர் பாலிசைதீமியா வீரா. மருத்துவர்கள் சுருக்கமாகப் பி.வி. என்பார்கள். எலும்பு மஜ்ஜைதான் ரத்த அணுக்களைத் தயாரிக்கும் இடம். சாதாரணமாக அது தன்னிஷ்டத்துக்கு வேலை செய்யாது. உடம்பில் ஆக்சிஜன் குறைகிறது என்று தெரிந்தால் சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனை அனுப்பும். அது வந்து சொன்னபிறகுதான் மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூட்டும். அந்தச் செய்தியை அணுவுக்குள் கடத்துகிற புரதத்துக்கு ஜாக்2 என்று பெயர், ஒரு சுவிட்ச் மாதிரி. பி.வி.யில் மஜ்ஜையின் தாய் அணு ஒன்றில் மரபணுப் பிழை விழுந்து, அந்த சுவிட்ச் போட்டது போட்டபடியே நின்றுவிடுகிறது. யாரும் கேட்காமலேயே சிவப்பணு உற்பத்தி நடந்துகொண்டிருக்கும். கூடவே வெள்ளை அணுக்களும் பிளேட்லெட்டுகளும்கூடப் பலருக்குக் கூடும்.

மருத்துவர் இதைப் படம் போட்டு விளக்கியபோது அப்பா ஒரே வரியில் பிடித்துக்கொண்டார். "ஸ்டார்ட்டர்ல கான்டாக்ட் ஒட்டிக்கிட்ட மாதிரிங்களா சார்? தொட்டி நெறஞ்சாலும் மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும்." அதைவிட நல்ல உவமையை நான் இதுவரை எங்கும் படிக்கவில்லை.

இந்த நோயை 1892-இல் வாக்கே என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார். 1903-இல் வில்லியம் ஆஸ்லர் இதைத் தனி நோயாக எடுத்துக்காட்டினார். ஜாக்2 பிழை பிடிபட்டது 2005-இல்தான். பி.வி. உள்ளவர்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் அந்தப் பிழை இருக்கிறது, ரத்தத்தைச் சோதித்தே கண்டுபிடித்துவிடலாம். இது பிறக்கும்போதே கொண்டுவந்தது இல்லை, வாழ்க்கையின் நடுவில் விழுந்த பிழை. அப்பாவுக்கு இருப்பதால் பிள்ளைகளுக்கும் வந்தே தீரும் என்று கிடையாது. அபூர்வமாகச் சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வருவதுண்டு.

இது புற்றுநோயா என்று கேட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் 2008 வகைப்பாட்டிலிருந்து பி.வி. வகை நோய்களுக்கு 'நியோபிளாசம்' என்றுதான் பெயர். அதாவது ரத்தப் புற்றுநோய்களின் வரிசையில், மெதுவாக நகர்கிற ஓரத்தில் இருப்பது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை அம்மா முன்னால் யாரும் சொல்வதில்லை. அவருக்குத் தெரியும் என்று எங்களுக்குத் தெரியும், அது வேறு கதை. ஒழுங்காகச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறவர்களில் பலர் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் இந்த நோயோடு வாழ்கிறார்கள். உடனடி ஆபத்து ரத்தம் உறைந்து குழாயை அடைப்பதுதான். மூளையில் அடைத்தால் பக்கவாதம், இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு, சிலருக்கு ஈரலுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற குழாய்களில். சிகிச்சையின் முதல் குறி அதைத் தடுப்பது. சோர்வு அந்தக் குறிக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். மருத்துவரின் பத்து நிமிடத்தில் அதன் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

களைப்பு ஆறும், இது ஆறாது

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. வேலை செய்துவிட்டு வருவது களைப்பு. உட்கார்ந்தால், ஒரு தூக்கம் போட்டால் அது ஆறிவிடும், அதனால்தான் களைப்பாறுவது என்கிறோம். வேலை செய்ய மனமில்லாதது சோம்பல். அப்பாவுக்கு இருப்பது இரண்டும் இல்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் ஆறாத அசதி. செய்த வேலைக்கும் வருகிற அசதிக்கும் பொருத்தமே இருக்காது. குளித்துவிட்டு வந்து அரை மணி நேரம் ஈரத் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். கம்பத்தில் ஏறி இறங்கிய உடம்பு, சட்டைப் பொத்தானைப் போட இடைவேளை கேட்கிறது.

அம்மா முதலில் இதைச் சோம்பல் என்று நினைத்துச் சண்டை போட்டார். நான் வயது என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். இரண்டுமே தப்பு. பி.வி.யிலும் அதைச் சேர்ந்த நோய்களிலும் நோயாளிகள் அதிகம் சொல்கிற தொல்லையே சோர்வுதான். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஒன்றுக்கு மேல் வாய்க்கால் இருக்கிறது.

முதலாவது, ரத்தத்தின் கெட்டித்தன்மை. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதை நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று போடுவார்கள், ஹீமடோக்ரிட் என்றும் சொல்வதுண்டு. கண்டுபிடித்த அன்று அப்பாவுக்கு 58. ரசம் ஓடுவதற்கும் கூழ் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளலாம். ஆக்சிஜனைச் சுமக்க ஆள் நிறைய, ஆனால் தெருவில் நெரிசல். நுண்ணிய குழாய்களில் ஓட்டம் மந்தமாகும். தலைவலி, தலை கனம், காதில் இரைச்சல், யோசனை தெளிவில்லாமை எல்லாம் இதனால்தான். முகம் சிவந்துபோவதும் இதனால்தான். சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து "ரிட்டயர் ஆனதும் நல்லா மெருகு ஏறிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பி.சி.வி.யை 45-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. இத்தாலியில் 365 நோயாளிகளை வைத்து நடந்து, 2013-இல் வெளியான ஆய்விலிருந்து அது உறுதிப்பட்டது. 45-க்கு மேல் 50 வரை விட்டுவைத்தவர்களுக்கு, இறுக்கிப் பிடித்தவர்களைவிட அடைப்பும் இதய நோய் மரணமும் ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம். 45-க்குக் கொண்டுவர எளிய வழி ரத்தத்தை எடுத்துவிடுவது. ரத்ததானம் கொடுப்பது போலவேதான், ஒரு தடவைக்கு ஒரு பை, 350 மி.லி. வயதானவர்களுக்குச் சில நேரம் அதிலும் குறைவாக எடுப்பார்கள். "வேற யாருக்காவது உபயோகப்படுமே, ஏன் கீழ கொட்றாங்க?" என்று எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ரொம்ப வருத்தப்பட்டார். நோயுள்ள மஜ்ஜையிலிருந்து வந்த ரத்தம், அதனால் யாருக்கும் ஏற்றமாட்டார்கள்.

நான்கு மாதத்தில் ஆறு பை எடுத்தார்கள். தலைவலி போயிற்று, முகச்சிவப்பு வடிந்தது. சோர்வு மட்டும் போகவில்லை. கூடிவிட்டது போலவே இருந்தது. இரண்டாவது வாய்க்கால் இங்கேதான் திறக்கிறது.

சிவப்பணுவோடு சேர்ந்து இரும்பும் பையில் இறங்குகிறது. ஒரு பைக்கு ஏறக்குறைய 200 மி.கி. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது சாதாரணமாக 1 முதல் 2 மி.கி.தான், தினசரித் தேய்மானத்துக்கே அதில் பெரும்பங்கு போய்விடும். ஆரோக்கியமான ஆணின் உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பே 1 கிராம் சுமார்தான். ஆறு பையில் சேமிப்புக் காலி. இது விபத்தாக நடப்பதில்லை, சிகிச்சையே அப்படித்தான் வேலை செய்கிறது. இரும்பு இல்லாவிட்டால் மஜ்ஜை ஆசைப்பட்டாலும் சிவப்பணுவைக் கட்ட முடியாது. மோட்டாரை நிறுத்த முடியாதபோது தண்ணீர் வருகிற குழாயை அடைக்கிற வேலை.

சிக்கல் என்னவென்றால் இரும்பு ரத்தத்துக்கு மட்டும் வேண்டியதில்லை. தசைகளுக்கு வேண்டும், அணுக்கள் சக்தியை எடுக்கிற இயந்திரத்துக்கும் வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்துகொண்டே இரும்புக்குறை சோர்வு வரலாம். ஆறாவது பைக்கு அப்புறம் எடுத்த ரிப்போர்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஹீமோகுளோபின் 13.2, பி.சி.வி. 44. இரண்டிலும் சிவப்பு மை இல்லை. ஆனால் நாலு வரி கீழே போனால் எம்.சி.வி. 68 என்று இருக்கும். ஒரு சிவப்பணுவின் பருமனைக் காட்டும் எண் அது, 80-க்கு மேல் இருக்க வேண்டியது. ஃபெரிட்டின் 6. சேமிப்பு இரும்பைக் காட்டும் எண் இது, கிட்டத்தட்ட துடைத்து வைத்த பாத்திரம். அந்த நாட்களில் அப்பா வேட்டி மடிப்பில் பச்சரிசியை முடிந்து வைத்துக்கொண்டு மென்றுகொண்டே இருப்பார். அம்மாவுக்கு அது ஒரு கேலிப் பொருள். இரும்புக்குறை உள்ளவர்களுக்கு அரிசி, ஐஸ் கட்டி, மண் மாதிரியானவற்றின் மேல் ஆசை வரும் என்று பின்னால்தான் தெரிந்தது. இரவில் கால் குடைச்சலும் அதோடு சேர்ந்தது.

அப்படியானால் இரும்பு மாத்திரை கொடுத்துவிடலாமே? நாமாக ஒருபோதும் கொடுக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போவதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு கிடைத்ததும் மஜ்ஜை பாய்ந்து சிவப்பணுவைப் பெருக்கும், பி.சி.வி. சில வாரத்தில் மேலே ஏறிவிடும். அம்மா பாசத்தோடு ஊட்டிய டானிக் அந்த இரண்டு மாதமும் இதைத்தான் செய்திருக்கும். கீரையையும் பேரீச்சம்பழத்தையும் சாதாரண அளவில் சாப்பிடுவதைப் பற்றி மருத்துவர் கவலைப்படவில்லை. டானிக்கை மட்டும் குப்பையில் போடச் சொன்னார். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். பி.வி.யில் பலருக்கு வீங்குகிற உறுப்பும் மண்ணீரல்தான். அதைக் கேட்டதும் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இரும்புக்குறையின் தொல்லை தாங்க முடியாமல் போனால் மருத்துவர்கள் பொதுவாக வேறு வழியில் போவார்கள். ரத்தம் எடுப்பதைக் குறைத்து, மஜ்ஜையின் வேகத்தையே மருந்தால் குறைப்பது. ஹைட்ராக்சியூரியா என்ற கேப்ஸ்யூல் நெடுநாளாக இருப்பது. இன்டர்ஃபெரான் ஊசி இருக்கிறது. ஜாக் சுவிட்சையே குறிவைக்கிற ருக்ஸோலிடினிப், அமெரிக்காவில் 2014-இல் பி.வி.க்கு அனுமதி பெற்றது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அடைப்பு அபாயம் கூடுதல் என்பதால் ரத்தம் எடுப்பதோடு இப்படி ஒரு மருந்தும், குறைந்த அளவு ஆஸ்பிரினும் சேர்ந்தேதான் பெரும்பாலும் தொடங்கும். அப்பாவுக்கும் ஹைட்ராக்சியூரியா கொடுத்திருந்தார்கள். அப்படியிருந்தும் ஏன் ஆறு பை தேவைப்பட்டது? அந்த மர்மத்துக்கு அப்புறம் வருகிறேன்.

மூன்றாவது வாய்க்கால்தான் விளக்கக் கடினமானது. ஜாக்2 சுவிட்ச் சிவப்பணு செய்தியை மட்டும் கடத்துவதில்லை, அழற்சிச் செய்திகளும் அந்த வழியாகத்தான் போகின்றன. சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் சைட்டோகைன் எனப்படும் அழற்சிப் பொருட்களும் ரத்தத்தில் கூடுகின்றன. ஃப்ளூ காய்ச்சலில் உடம்பை அடித்துப் போட்டது போல இருக்கிறதே, அதில் பெரும்பங்கு இந்தப் பொருட்கள் செய்வது. 2006-இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சலே வராமல் அந்த அசதி மட்டும் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் அப்பாவின் நிலைமை கொஞ்சம் பிடிபடும். எண்கள் எல்லாம் வரம்புக்குள் வந்த பிறகும் சோர்வு தங்கிவிடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ரிப்போர்ட்டில் இதற்கென்று ஒரு வரி கிடையாது.

ரிப்போர்ட் நார்மல், அப்பா நார்மல் இல்லை

வீட்டுக்காரர்களை அதிகம் குழப்புவது இதுதான். "எல்லாம் நல்லா இருக்கு" என்று மருத்துவர் சொல்லிவிட்டார், அப்புறமும் மனிதர் படுத்தே கிடக்கிறார் என்றால், ஒன்று மருத்துவர் எதையோ தவறவிட்டார் என்று தோன்றும், இல்லையென்றால் அப்பா பாசாங்கு செய்கிறார் என்று தோன்றும். இரண்டு எண்ணமும் எனக்கு வந்திருக்கிறது, ஒரே நாளில். பி.சி.வி. அளப்பது அடைப்பின் அபாயத்தை. சோர்வை அளக்க அதைப் பார்ப்பது, மீட்டரைப் பார்த்து பல்பின் வெளிச்சத்தைச் சொல்வது போல.

சோர்வை அளக்க அவரையேதான் கேட்க வேண்டும். இந்த வகை நோய்களுக்காக மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு படிவத்தில் பத்து அறிகுறிகளுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். சோர்வு, கவனம் சிதறுவது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, இரவு வியர்வை, அரிப்பு, எலும்பு வலி, எடை குறைவது என்று போகும். நல்ல கருவி. எங்கள் அப்பாவிடம்தான் செல்லுபடியாகவில்லை. "சோர்வு பத்துக்கு எவ்வளவுப்பா?" என்றால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்." மருத்துவர் கேட்டாலும் அதே பதில், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

அதனால் நாங்கள் அளவுகோலை மாற்றினோம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, காலை நடையில் எங்கே உட்கார்ந்தார் என்று மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டில் அம்மா குறித்தார். டீக்கடை என்றால் இடையில் எங்கும் உட்காரவில்லை. மதகு என்றால் பாதியில் உட்கார்ந்தார். திண்ணை என்றால் அன்று கிளம்பவே இல்லை. பக்கத்தில், தூங்கியது எப்படி, குளித்தாரா, ரத்தம் எடுத்த நாளா என்று ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் அது மாடிப்படியாக இருக்கலாம், குழம்பு வைப்பதாக இருக்கலாம், கோயிலுக்குப் போவதாக இருக்கலாம். பெற்றவர்களின் நாளில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றாக இருந்தால் போதும்.

ஆறு வாரக் குறிப்பை எடுத்துக்கொண்டு போனோம். மருத்துவர் ரிப்போர்ட்டை வைத்துவிட்டு நோட்டை எடுத்துப் புரட்டியதை நான் மறக்கமாட்டேன். திண்ணை நாட்களில் பாதி, முந்தைய இரவு சரியாகத் தூங்காத நாட்கள். ஏன் தூங்கவில்லை? அரிப்பு. குளித்ததும், அதிலும் வெந்நீரில் குளித்ததும் உடம்பெல்லாம் ஊசி குத்துவது போல அரிப்பது பி.வி.யின் தனி அடையாளம், தோலில் ஒரு தடிப்பும் தெரியாது. அப்பா சாயங்காலம் குளிக்கிறவர். அரிப்புக்காக மருந்துக் கடையில் கேட்டு ஒரு அலர்ஜி மாத்திரையை இரவில் போட்டுக்கொண்டிருந்தார். பழைய வகை மாத்திரை, மறுநாள் மத்தியானம் வரைக்கும் மந்தமாக வைத்திருக்கும் ரகம். நோயின் சோர்வு என்று நாங்கள் கவலைப்பட்டதில் ஒரு பங்கு அந்த மாத்திரையின் சோர்வு. அதை மாற்றினார்கள். குளியலை வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாக முடித்து, தேய்க்காமல் ஒற்றித் துடைக்கச் சொன்னார்கள்.

அன்றைக்கே தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், இதயம் எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார். ஒரு பெரிய நோய் இருந்தால் எல்லாச் சோர்வையும் அதன் கணக்கில் எழுதிவிடுவோம். 71 வயதில் சோர்வுக்கு வேறு காரணங்களும் வரிசையில் நிற்கும்: தைராய்டு குறைவு, தூக்கத்தில் மூச்சுத் தடை, பிரஷர் மாத்திரைகளில் சில, மனச்சோர்வு. இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. அப்பாவுக்கு எதுவும் இல்லை என்று வந்தது. எங்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது அந்த மர்மம். ஊருக்குப் போன ஒரு நாள் மருந்து டப்பாவை ஒழுங்குபடுத்தினேன். ஒரு மாதத்துக்கு முன் வாங்கிய ஹைட்ராக்சியூரியா ஸ்ட்ரிப்புகளில் பாதிக்குப் பாதி மிச்சம். நாள்விட்டு நாள்தான் சாப்பிட்டிருக்கிறார். யாரோ அது கீமோ மாத்திரை, முடியெல்லாம் கொட்டிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு முடி ஏற்கெனவே அதிகம் இல்லை, பயம் அதைப் பற்றியது இல்லை என்பது புரிந்தது. அது புற்றுநோய் மருந்துகளின் குடும்பம்தான், ஆனால் இந்த நோய்க்குக் கொடுக்கும் அளவில் தினமும் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அணுக்கள் மிகவும் குறைந்துவிடாமல் அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். வாயிலோ காலிலோ ஆறாத புண் வந்தால் சொல்ல வேண்டும், வெயிலில் தோலைக் காத்துக்கொள்ள வேண்டும். இதை எங்களிடம் அவர் கேட்கவே இல்லை. நாங்களும் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று தினம் மூன்று முறை போன் போட்டோமே தவிர, அந்த மாத்திரை என்ன என்று உட்கார்ந்து பேசவில்லை. மேஸ்திரியிடம் பதில் சொல்வது போல எல்லாவற்றுக்கும் "ஆச்சு" என்று சொல்லிப் பழகிவிட்டார்.

ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு மூன்று மாதத்தில் ரத்தம் எடுக்க வேண்டிய தேவை குறைந்தது. ஃபெரிட்டின் மெதுவாக ஏறுகிறது. பச்சரிசி முடிச்சு காணாமல் போனது.

இதற்கு மேல் வீட்டில் செய்வது சின்னச் சின்ன விஷயங்கள். ஓய்வு நல்லது என்று முழுநாளும் படுக்கவைத்தால் தசை கரைந்து சோர்வு கூடும். அவரால் முடிந்த தூரம் தினமும் நடப்பது உதவுகிறது. குளியலையும் பேங்க் வேலையையும் ஒரே காலைப்பொழுதில் வைப்பதில்லை. ரத்தம் எடுத்த மறுநாள் கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் தண்ணீர் குடிப்பதில் மட்டும் அம்மா கறார். உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் இன்னும் கெட்டிப்படும், பி.சி.வி.யும் பொய்யாக ஏறிக் காட்டும்.

எந்த மாற்றத்துக்குப் பயப்பட வேண்டும் என்பதையும் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம். வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், பார்வை மறைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கடுமையான வயிற்றுவலி, கறுப்பாக மலம் போவது: இவற்றில் எது வந்தாலும் நோட்டில் குறித்துக்கொண்டிருக்கக் கூடாது, 108-தான். மெதுவாக வருகிற மாற்றம் வேறு. சில மாதங்களில் எடை இறங்குவது, இடது விலாவுக்குக் கீழே கனம், இரவில் பனியன் நனையும் வியர்வை, மருந்து கூட்டாமலேயே ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போவது. சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மஜ்ஜை நார்போல இறுகி மைலோஃபைப்ரோசிஸ் என்ற நிலைக்குப் போகும், அதன் அறிகுறிகள் இவை. தேதியை முன்தள்ளி மருத்துவரைப் பார்ப்பதற்கு இவை காரணம். மதகில் ஒரு நாள் உட்கார்ந்ததற்காக ராத்திரி பஸ் ஏறி ஊருக்கு ஓடியிருக்கிறேன், அது தேவையில்லை என்று இப்போது தெரியும்.

அடுத்த புதன்கிழமை பரிசோதனை. இந்த வாரம் நோட்டில் நான்கு நாள் டீக்கடை, இரண்டு நாள் மதகு, ஒரு நாள் திண்ணை. மதகு நாட்களில் ஒன்றில், தண்ணீரைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன் என்று அப்பா சாதிக்கிறார். அம்மா அதை நம்பவில்லை, ஆனாலும் 'தண்ணி பாத்தாராம்' என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.